மணல் கிணற்றின் மேல் ஒரு குளிப்பறை

மட்டக்களப்பில் கட்டப்படும் வீடு பெரும்பாலும் ஒரு மகளுக்காகக் கட்டப்படுகிறது. தாய்வழி உரிமை இன்னும் உயிரோடு இருக்கும் பிரதேசம் இது. வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணுக்குப் போகும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். தாயும் தகப்பனும் அதே கூரையின் கீழோ, பக்கத்தில் ஒரு சிறு வீட்டிலோ கடைசிவரை இருப்பார்கள். ஆகவே, "குளிப்பறைக்குள்ள என்ன வைக்கிற?" என்று மேசன் கேட்கும்போது சொல்லப்படும் பதில் மூன்று தலைமுறையைக் கட்டிப்போடுகிறது. புதிதாக மணமுடித்தவர்கள், அவர்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளை, முழங்கால் தேய்ந்த அம்மம்மா என்று எல்லாரும் அந்த ஐந்தடிக்கு எட்டடி அறைக்குள்தான் குளித்தாக வேண்டும்.

ஒரு தலைமுறைக்கு முன் இந்தக் கேள்வியே எழவில்லை. கிணற்றடி இருந்தது, வாளி இருந்தது. இன்று டைல்ஸ் கடைக்குப் போனால் வெள்ளைவெளேரென்று பாத் டப் காட்டுகிறார்கள். வீடு கட்டக் காசு அனுப்பும் அண்ணன் கனடாவிலோ லண்டனிலோ சுவிசிலோ இருப்பார். அங்கே அவர் வீட்டில் டப் இருக்கும், அம்மாவுக்கும் ஒன்று வைத்துக்கொடுக்க வேண்டுமென்று ஆசைப்படுவார். அந்த ஆசையில் அன்பு இருக்கிறது. போர் முடிந்தபின் பாசிக்குடாவில் எழுந்த ஹோட்டல்களில் வேலை செய்யும் பிள்ளைகளும் அப்படிப்பட்ட குளிப்பறைகளை நாள்தோறும் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஷவரா, டப்பா என்பது இப்படித்தான் வீட்டுப் பேச்சாகிவிட்டது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குளித்தபின் எங்கே போகிறது, குளிப்பவர் யார் என்ற மூன்றையும் பார்த்துத்தான் இதற்கு விடை சொல்ல வேண்டும். கடையில் வைத்துப் பார்த்தால் மூன்றுமே தெரியாது.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். எழுவான்கரை என்பது வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல் நிலம். மேற்கே ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி, கிழக்கே வங்காள விரிகுடா, இரண்டிலும் உப்பு. கல்லடியிலும் நாவலடியிலும் நின்று பார்த்தால் இரண்டு தண்ணீருக்கும் இடையில் எவ்வளவு ஒடுங்கிய நிலத்தில் வாழ்கிறோம் என்பது விளங்கும். இந்த மணலில் பத்து, பதினைந்து அடி தோண்டினால் நல்ல தண்ணி வருவது ஒரு கொடை. கார்த்திகை மார்கழி மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கனமான உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளரின் பழைய கணக்கு. அதே கணக்கின் மறுபக்கம்தான் அச்சம் தருவது: மேலே ஓரடி குறைந்தால் கீழே உவர் 40 அடி ஏறிவரப் பார்க்கும். மோட்டர் பூட்டி வேகமாக இறைக்கும் கிணறு ஆவணி, புரட்டாதியில் சவர்க்கத் தொடங்குவது இதனால்தான்.

2004 டிசம்பர் 26 இதை நமக்குக் கொடூரமாகக் காட்டியது. சுனாமி கரையோரக் கிணறுகளை ஒரே காலையில் உப்பாக்கிவிட்டுப் போனது. உதவ வந்தவர்கள் பம்புகளைக் கொண்டுவந்து கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் சேறும் குப்பையும் போனபின்னும் உப்புப் போகவில்லை; அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் சுற்றியிருந்த உப்பு கிணற்றை நோக்கி வரும் ஆபத்தும் இருந்தது. கொழும்புக்கு அருகே தலைமையகம் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகம் இந்தக் கிழக்குக் கரையோரக் கிணறுகளை ஆராய்ந்து சொன்னதும் இதுதான்: கிணறுகளை மீட்டதில் பெரும்பங்கு பருவமழைக்கு. நம் கிணற்றுத் தண்ணீருக்கு மழையைத் தவிர வேறு வங்கி கிடையாது.

வாவிக்கு மேற்கே கிடக்கும் படுவான்கரையின் கதை வேறு. அங்கே அடியில் கல். கோடையில் கிணறு வற்றும். வரட்சி கடுமையான ஆண்டுகளில் பவுசரில் குடிநீர் வரும்வரை குடங்கள் வரிசையில் காத்திருக்கும். நகரத்துக்கும் கரையோர ஊர்களுக்கும் இன்று குழாய் வழியே வரும் நீர் பெரும்பாலும் உன்னிச்சைக் குளத்து நீர். வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு வாவியைத் தாண்டி வருகிறது. அதே குளத்தை நம்பித்தான் படுவான்கரை வயல்களும் இருக்கின்றன. நகரத்தில் ஒரு வீட்டுக் குழாயைத் திறக்கும்போது, ஒரு வேளாண்மைக்காரர் எதிர்பார்த்து நிற்கும் தண்ணீரும் அதற்குள் இருக்கிறது.

பழைய கிணற்றடிக் குளிப்பைச் சிக்கனத்தின் உச்சமாகச் சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. கிடுகு மறைப்புக்குள்ளே ஆண்கள் சாரத்தோடும் பெண்கள் குறுக்குக்கட்டோடும் நின்று, கப்பியில் இழுத்து இழுத்து ஊற்றிக் குளித்ததைக் கணக்குப் பார்த்தால், பத்து லீற்றர் வாளியில் பதினைந்து வாளி ஊற்றுகிறவர் 150 லீற்றர் செலவழிக்கிறார். ஒரு பாத் டப்பை நிரப்பும் அளவும் அதுவேதான். ஆனால் இரண்டு காவல்கள் அந்தக் குளிப்புக்கு இருந்தன. ஒன்று, கை வலித்தால் குளிப்பு முடியும். மற்றது, ஊற்றிய தண்ணீர் சீமெந்துத் தளத்திலிருந்து வாய்க்காலில் வழிந்து வாழைக்கும் தென்னைக்கும் போய், அதே வளவின் மணலுக்குள் இறங்கியது. மோட்டர் வந்தபோது முதல் காவல் போனது. குளிப்பறை வீட்டுக்குள் வந்தபோது இரண்டாவதும் போனது. இன்றைய குளிப்பறையைத் திட்டமிடுகிறவர் இந்த இரண்டையும் வேறு வழியில் மீட்க வேண்டும்.

பாத் டப் பக்கமுள்ள நியாயத்தையும் முழுதாகச் சொல்லவேண்டும். அது குளிர் நாட்டின் கண்டுபிடிப்பு. வார்ப்பிரும்பில் எனாமல் பூசிய டப் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வீடுகளுக்குள் பரவியது. அமெரிக்காவின் விஸ்கொன்சினில் ஜோன் மைக்கல் கோலர் 1883இல் பண்ணைக்குரிய ஒரு தொட்டிக்கு எனாமல் பூசி, கால் பூட்டி, குளிக்கும் தொட்டியாக விற்றதாக அந்த நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. பனிக்காலத்தில் எலும்பு வரை குளிர்ந்துபோன உடலுக்குச் சூட்டைத் திருப்பிக் கொடுப்பது அதன் முதல் வேலை. அழுக்குப் போக்குவது இரண்டாவது. ஜப்பானியர் இதை இன்னும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தொட்டிக்கு வெளியே அமர்ந்து, சோப்புப் போட்டு, ஊற்றிக் கழுவி முடித்த பிறகே வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்குவார்கள். அதனால் ஒரே தண்ணீரில் வீட்டார் அனைவரும் ஒருவர்பின் ஒருவராக அமிழ முடிகிறது. டப் கலாசாரத்தில் நான் மதிக்கும் வடிவம் அதுவே. ஆனாலும் அங்கே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் முதியோர், குளிர்காலத்தில் அந்தத் தொட்டிக்குள்ளேயே உயிரிழக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நமக்கு அமிழ்ந்து குளிக்கத் தெரியாது என்பதில்லை. அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் ஆலயத் தீர்த்தக் குளத்தில் ஆடி அமாவாசையன்று எத்தனை ஆயிரம் பேர் மூழ்கி எழுகிறார்கள்! அனுராதபுரத்துக் குட்டம் பொக்குண இரட்டைக் குளங்களைக் கட்டியவர்கள், வண்டலை அடியில் தங்கவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் உள்ளே விடும் அளவுக்கு நுட்பம் அறிந்திருந்தார்கள். ஆனால் அமிழ்தல் இங்கே குளத்துக்குரியது, ஊருக்குப் பொதுவானது, வானம் தெரியச் செய்வது. அன்றாடக் குளிப்பு என்றால் தலையிலிருந்து தண்ணீர் வழிய வேண்டும். திருகோணமலைக் கன்னியாவில் வெந்நீர்க் கிணறுகள் ஏழு இருந்தும், அங்கே போகிற நம்மவர் கிணற்றுக்குள் இறங்குவதில்லை. வாளியால் மொண்டு தலையில்தான் ஊற்றிக்கொள்கிறார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு மருத்துநீர் வைத்து முழுகுகிறோம். எண்ணெய் வைத்து முழுகுகிறோம். பெண்பிள்ளை பெரியவளானால் மாமிமார் தண்ணீர் வார்க்கிறார்கள். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் வீடுகளில் குளிப்புக் கடமை என்பது உடல் முழுதும் தண்ணீர் படச் செய்வது. இத்தனையும் ஊற்றுகிற, வழிந்தோடுகிற தண்ணீரைக் கேட்கின்றன. படுத்துக் கிடக்கும் தொட்டியில் இவற்றில் ஒன்றையும் வசதியாகச் செய்ய முடியாது. எண்ணெயும் சீயாக்காயும் மருத்துநீர்ச் சக்கையும் தொட்டியின் அடியில் படிந்து அடைக்கும், வழுக்கும்.

இங்குள்ள வெப்பமும் டப்புக்கு எதிராகத்தான் நிற்கிறது. மட்டக்களப்பின் சராசரி வெப்பநிலை 28 பாகையை ஒட்டி இருக்கிறது. வைகாசி, ஆனியில் பகல் 33, 34 வரை போகும். மணலுக்குள் இருக்கும் கிணற்று நீரும் ஏறத்தாழ அந்தச் சராசரிச் சூட்டிலேயே வரும். கூரைமேல் தாங்கியில் இருக்கும் நீரோ மத்தியானம் உடம்பில் ஊற்ற முடியாதபடி கொதிக்கும். உடலைச் சூடாக்கும் கருவி நமக்கு எதற்கு? மார்கழி விடியற்காலையில் கைக்குழந்தைக்கும் வயதானவருக்கும் ஒரு கேத்தல் வெந்நீர் கலந்தால் போதும்.

இப்போது கணக்கு. ஒரு சாதாரண டப்பில் ஒருவர் குளிக்க 150 லீற்றர் வேண்டும், பெரியவற்றுக்கு 200. ஷவர் நிமிடத்துக்கு ஒன்பது லீற்றர் விட்டால் ஐந்து நிமிடத்தில் 45 லீற்றர். வாளியும் பேணியுமாகக் குளித்தால் 30 லீற்றரில் தலைமுழுக்கே முடிந்துவிடும். நான்கு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு ஒருமுறை என்று வைத்தால், டப்புக்கு மாதம் 18 அலகு, ஷவருக்கு ஐந்தரை அலகுக்குச் சற்றுக் குறைவு, வாளிக்கு மூன்றரைக்குச் சற்று மேல். ஒரு அலகு என்பது ஆயிரம் லீற்றர். நம் ஊரில் நாளுக்கு இரண்டு தரம் குளிக்கிறவர்களே அதிகம் என்பதால் இதை இரட்டிக்கவும் வேண்டும். நீர்க் கட்டணமும் அலகு கூடக்கூட விலை கூடும் முறையில் அமைந்தது. மின்சாரமும் அப்படியே: 150 லீற்றரைப் பத்துப் பாகை சூடாக்க ஒன்றேமுக்கால் அலகு மின்சாரம் வேண்டும்; 45 லீற்றருக்கு அரை அலகு.

டப் வாங்கிய பலரும் பிறகு கண்டுகொள்வது இன்னொன்று. வீட்டுக் கூரையில் இருப்பது 500 லீற்றர் தாங்கி என்றால், மூன்று குளிப்போடு அது கிட்டத்தட்டக் காலி. புவியீர்ப்பில் மெதுவாக வரும் குழாயில் 150 லீற்றர் நிரம்பக் கால் மணிநேரத்துக்கு மேல் ஆகும். நிரம்புவதற்குள் வெந்நீர் ஆறிவிடும். மேல்மாடியில் வைத்தால் தண்ணீரும் ஆளும் தொட்டியுமாக ஏறத்தாழ 300 கிலோ ஒரே மூலையில் நிற்கும். அதற்கேற்பச் சிலாப் போட்டிருக்க வேண்டும். ஐந்தரை அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் அடைக்கிற பொருள் சின்னக் குளிப்பறையில் நடக்கிற இடத்தையே விழுங்கிவிடுகிறது. நிலத்தடி நீரில் இரும்பு உள்ள இடங்களில் வெள்ளைத் தொட்டி சில மாதத்தில் பழுப்புக் கோடு போடும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது அழுக்குத் தண்ணீர் போகும் வழி. நம் வீடுகள் பெரும்பாலும் மலக்குழியையும் ஊறல் குழியையும் நம்பியிருக்கின்றன. காத்தான்குடி போன்ற நெருக்கமான இடங்களில் ஒருவர் குழிக்கும் பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் இடையில் சில அடிகள்தான். மணல் தண்ணீரை வேகமாக விடும். ஆகவே கிருமியையும் நைத்திரேற்றையும்கூட வேகமாக விடும். குளிப்பறை நீரை மலக்குழிக்குள் திருப்பினால், அங்கே படிந்து செரிமானமாக வேண்டிய கழிவு அவசரமாக வெளியே தள்ளப்படுகிறது. டப்பின் அடைப்பைத் திறக்கும்போது 150 லீற்றர் சோப்புத் தண்ணீர் ஒரே மூச்சில் பாய்கிறது. சிறிய குழி அதைத் தாங்காது. மாரியில் நிலத்தடி நீர் முற்றத்துக்கு அருகில் ஏறி நிற்கும் வாரங்களை நினைத்துப் பாருங்கள். அப்போது குழி தண்ணீரை வாங்காது, திருப்பி அனுப்பும். ஷவரும் வாளியும் அதே குழிக்குத்தான் போகின்றன என்றாலும், சிறிது சிறிதாக விடுவதால் மணலுக்கு அவகாசம் கிடைக்கிறது.

அம்மம்மாவைப் பற்றி முதலில் சொன்னேன். டப்பின் விளிம்பு ஒன்றரை அடியோ அதற்கு மேலோ. ஒற்றைக் காலைத் தூக்கி, ஈரமான வழுவழுப்பான அடித்தளத்தில் ஊன்றி, மற்றக் காலையும் தூக்க வேண்டும். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிவதற்கு இதைவிட வசதியான இடம் வீட்டில் வேறில்லை. மூட்டு வாதக்காரருக்கு வெந்நீரில் அமிழ்வது இதம் தரும் என்பது உண்மை. ஆனால் அந்த இதத்தைப் பெற அவர் அந்த விளிம்பை ஒவ்வொரு முறையும் இருதரம் கடக்க வேண்டும். மறுமுனையில் குழந்தை. இரண்டு அங்குலத் தண்ணீர்கூடக் கைக்குழந்தையின் உயிரைப் பறிக்கும். அரைவாசி நிரம்பிய டப்புக்கு அருகில் பிள்ளையை விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகும் தாயை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பொருளை அந்த வீட்டில் வைத்ததைத்தான் குறை சொல்வேன்.

டெங்கும் இருக்கிறது. மட்டக்களப்பு மாவட்டம் அதை நன்றாக அறியும். ஈடிஸ் நுளம்பு சுத்தமான தேங்கிய நீரில் முட்டையிடும். முட்டை நுளம்பாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். விருந்தாளி வரும்போது மட்டும் பாவிக்கும் டப்பின் அடியில் நிற்கும் சிறிது நீரும், பழைய குளிப்பறைகளில் கட்டிவைத்த சீமெந்துத் தொட்டியும் இந்த விடயத்தில் ஒன்றுதான். சீமெந்துத் தொட்டி வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை வெறுமையாக்கி, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது.

அப்படியானால் ஷவர் குற்றமற்றதா? இல்லை. கையில் வாளி இருந்தால் எவ்வளவு ஊற்றுகிறோம் என்று தெரியும். ஷவரின் கீழ் தெரியாது. பாட்டுப் பாடிக்கொண்டு பதினேழு நிமிடம் நிற்கிறவர் டப் அளவைத் தாண்டிவிடுகிறார். கிணற்று நீரின் உப்பும் சுண்ணாம்பும் துளைகளை அடைக்கும். மாதம் ஒருமுறை கழற்றித் தேசிக்காய்ப் புளியிலோ வினாகிரியிலோ ஊறவைக்க வேண்டும். அழுத்தமும் ஒரு சிக்கல். தாங்கி ஷவர் தலையைவிட பத்து மீற்றர் உயரத்தில் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். ஒற்றை மாடி வீட்டில் கிடைப்பது அதில் கால் பங்கோ மூன்றில் ஒன்றோ. மழைபோலக் கொட்டும் என்று படம் போட்டு விற்கும் அகலமான ஷவர் தலைகள் ஐரோப்பிய அழுத்தத்துக்குச் செய்தவை. நம் வீட்டில் சொட்டுச் சொட்டாக விழும். சிறிய தலை, நிறையத் துளை இல்லாதது, இங்கே நன்றாக வேலை செய்யும். அதற்கென அழுத்த மோட்டர் பூட்டுவது தேவையற்ற செலவு. தாங்கியை இன்னும் சில அடி உயர்த்துங்கள்.

ஆகவே என் தெரிவு ஷவர். ஆனால் தனியே ஷவர் மட்டும் இல்லை. அதே சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு குழாய், அதன்கீழ் ஒரு வாளி, பேணி. மருத்துநீருக்கும் பிள்ளை குளிப்பாட்டவும் அதுதான் உதவும். மூன்றடிக்கு மூன்றடி குளிக்கும் இடம், படியோ விளிம்போ இல்லாமல், தளம் மெல்லிய சரிவாக வடிகாலை நோக்கி. பளபளக்கும் மாபிள் வேண்டாம். சொரசொரப்பான டைல்ஸ் போடுங்கள். சுவரில் அம்மம்மா இருந்து குளிக்க ஒரு சீமெந்துத் திண்ணை, பிடித்து எழ ஒரு கம்பி. ஷவர் கையில் எடுத்துப் பிடிக்கக்கூடியதாக இருந்தால் திண்ணையில் இருப்பவருக்கு இன்னும் நல்லது. குளிப்பறை நீருக்கு மலக்குழியோடு சேராத தனிக் குழாய். அது பின் வளவில் வாழைக்கும் தென்னைக்கும் போகட்டும், கிணற்றுக்கு எதிர்த் திசையில். கைக்குழந்தைக்கு ஒரு பிளாஸ்திக் பேசின் போதும். குளிப்பாட்டியதும் கவிழ்த்து வைக்கலாம்.

கிணற்றை மட்டும் மூடிவிடாதீர்கள். குழாய் நீர் வந்ததும் கிணற்றை மண் போட்டு நிரப்புகிறவர்கள் கூடிவருகிறார்கள். 1978 நவம்பர் 23 சூறாவளிக்குப் பிறகு மட்டக்களப்பு எத்தனை நாள் மின்சாரமின்றிக் கிடந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு வந்ததே. மோட்டர் நின்றால் ஷவரும் டப்பும் ஒரே நிலைதான். கப்பியும் கயிறும் வாளியும் உள்ள கிணற்றடிதான் அப்போது வீட்டைக் காக்கும். வலை போட்டு மூடி, கட்டு உயர்த்தி, ஒழுங்காக வைத்திருங்கள்.

வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். பாத் டப்புக்கென்று ஒதுக்கிய தொகையை மேசனிடம் கொடுத்து, முதலில் மலக்குழி கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்கு அப்பால் இருக்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்தக் காசில் குழியை மாற்றுங்கள். மிஞ்சுவதில் திண்ணையும் பிடிகம்பியும் சொரசொரப்பான தளமும் வைத்துக்கொடுங்கள்.